ஓட்டையை மூடுவதா, அழுத்தத்தை இறக்குவதா?

உடல் எடையைக் குறைக்க இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை ‘ஸ்லீவ்’ எனப்படுவது. இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய பெரும்பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேலாக, ஸ்டேப்ளர் கருவியால் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுவார்கள். வெட்டுவதும் தைப்பதும் அதே கருவிதான். சிறுகுடலுக்குச் சற்று முன்பிருந்து உணவுக்குழாயின் அடிவரை நீளும் அந்தத் தையல் கோடு எங்கேனும் ஓரிடத்தில் பிரிந்தால் உமிழ்நீரும் அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கசியத் தொடங்கும். 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 29 ஆய்வுகளில் இருந்த 4,888 நோயாளிகளைக் கணக்கிட்டு, நூற்றுக்கு 2.4 பேருக்குக் கசிவு ஏற்பட்டதாகச் சொன்னது. அனுபவம் மிகுந்த மையங்களில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கு அது சீழ்க்கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவு, வாரக்கணக்கில் வாய்வழி உணவில்லாத வாழ்க்கை, சில வேளை மரணம். இந்தக் கசிவுக்கு மருத்துவர்கள் முதலில் கையிலெடுக்கும் கருவிகளில் ஒன்று, உள்ளே விரியும் வலைக்குழாயான ஸ்டென்ட். அது பயன்படுகிறது, ஆனால் பயன்படுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. ஸ்டென்ட் ஓட்டையை மூடுவதால்தான் கசிவு ஆறுகிறது என்று எண்ணினால், அது எப்போது வேலை செய்யும், எப்போது கைவிடும் என்பது புரியாமலே போகும். உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளியே தேங்கிய சீழின் வடிகாலும்தான் கசிவின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பதே இதுவரை சேர்ந்த சான்றுகள் காட்டும் உண்மை.

கசிவு எங்கே ஏற்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மேலே சொன்ன தொகுப்பாய்வில் 89 சதவீதக் கசிவுகள் இரைப்பைக் குழாயின் மேல் மூன்றிலொரு பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தருகே இருந்தன. தையல் கோடு முழுவதும் ஒரே கருவியால், ஒரே கையால் போடப்படுகிறது. ஸ்டேப்ளர் பின் சரியாகப் பதியாததுதான் காரணம் என்றால் கசிவு கோடு நெடுகிலும் சிதறி வர வேண்டும்; அப்படி வருவதில்லை. மேல்மூலையில் இரைப்பைச் சுவர் மெல்லியது. மண்ணீரலிலிருந்து அப்பகுதிக்கு வரும் சிறு இரத்தக் குழாய்கள் அறுவையின்போது துண்டிக்கப்படுவதால் இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. கருவியின் கோளாற்றால் வரும் கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் தெரிந்துவிடும். திசு இரத்தமின்றி நலிந்து பிரியும் கசிவு ஐந்தாம், ஆறாம் நாள் வாக்கில் தலைகாட்டும். இவை இரண்டுக்கும் மேலாக மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதுதான் இக்கட்டுரையின் மையம். முழு இரைப்பை விரிந்து கொடுக்கும் பை. ஸ்லீவ் அப்படி விரிவதில்லை. 2008இல் இஸ்ரேலிய அறுவை நிபுணர்கள் அறுவை மேசையிலேயே அளந்து பார்த்தார்கள்: முழு இரைப்பையின் கொள்ளளவு சராசரியாக 1,553 மில்லிலிட்டர், ஸ்லீவின் கொள்ளளவு 129 மில்லிலிட்டர். நிரப்பிய நிலையில் உள்ளழுத்தம் 34 மி.மீ. பாதரசத்திலிருந்து 43க்கு ஏறியிருந்தது. மேலே உணவுக்குழாயின் வாய்த்தசை, கீழே சிறுகுடலுக்குள் திறக்கும் பைலோரஸ் தசை. இரண்டுக்கும் நடுவே விரியாத ஒரு குழாய். அதன் நடுவளைவில் தையல் சற்று இறுகிவிட்டாலோ, குழாய் முறுக்கிக்கொண்டாலோ, மேல்பகுதியில் அழுத்தம் இன்னும் கூடும். சுவர் மிக மெலிந்த இடமும் அழுத்தம் மிகுந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இதற்கு ஆதரவாக இன்னொரு சான்றும் அதே 2012 ஆய்வில் கிடைக்கிறது. ஸ்லீவை வெட்டும்போது உள்ளே ஓர் அளவுக்குழாயை வைத்து அதை ஒட்டியே ஸ்டேப்ளரைச் செலுத்துவார்கள். ‘ஃபிரெஞ்ச்’ என்ற அலகில் 40 அல்லது அதற்கு மேற்பட்ட, அதாவது 13 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த தடிமனுள்ள அளவுக்குழாயைப் பயன்படுத்தியவர்களிடம் கசிவு 0.6 சதவீதமாகவும், அதைவிட மெல்லிய குழாயைப் பயன்படுத்தியவர்களிடம் 2.8 சதவீதமாகவும் இருந்தது. மெல்லிய குழாயை விரும்பும் அறுவை நிபுணர் உணவுக்குழாயை மிக நெருங்கியும் வெட்டக்கூடும், ஆகவே இந்த வேறுபாடு முழுவதையும் அழுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வேறுபாடு நாம் எதிர்பார்க்கும் திசையிலேயே இருக்கிறது.

இந்தக் களத்துக்குள் ஸ்டென்ட் வேறொரு நோயிலிருந்து வந்து சேர்ந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோயால் விழுங்க முடியாதவர்களுக்கு அடைப்பின் ஊடே உணவு செல்ல வழி திறந்துவைப்பதற்காக உருவாக்கப்பட்டவை, தானே விரியும் உலோக வலைக்குழாய்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் பின்னி, மேலே சிலிக்கோன் போன்ற உறையிட்டு, எண்டோஸ்கோபி வழியாக உள்ளே விரியவிடப்படும். உறையிட்ட குழாய் ஒன்று ஓட்டையின் மேல் படிந்தால் உமிழ்நீரும் அமிலமும் கசியாமல் அதன் வழியே கீழிறங்கிவிடும், இடையில் திசு ஆறிவிடும் என்ற எண்ணம் எளிதில் ஏற்கத்தக்கது. 2006இல் வெனிசுவேலாவிலிருந்தும் 2007இல் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் வந்த முதல் அறிக்கைகள் நம்பிக்கையூட்டின. பிரஸ்ஸல்ஸில் சிகிச்சை பெற்ற 21 பேரில் 17 பேருக்குக் கசிவு அடைபட்டது. 2012இல் ஏழு ஆய்வுகளின் 67 நோயாளிகளைத் தொகுத்த கணக்கு, ஏறத்தாழ 88 சதவீத வெற்றியைக் காட்டியது. மறு அறுவையில் பிரிந்த இடத்தை மீண்டும் தைத்தால் அழுகி நலிந்த திசுவில் அந்தத் தையல் நிற்பதில்லை என்று கசப்பாக அறிந்திருந்த அறுவை நிபுணர்களுக்கு, வயிற்றைத் திறக்காமலே செய்யக்கூடிய இச்சிகிச்சை பெரும் ஆறுதலாக இருந்தது இயல்பே.

சிக்கல் அதே அறிக்கைகளின் இன்னொரு வரியில் இருந்தது. ஸ்டென்ட் இடம் பெயர்ந்தது. 67 பேரின் 2012 தொகுப்பில் இது ஏறத்தாழ 17 சதவீதம். 2008இல் அமெரிக்காவிலிருந்து 19 நோயாளிகளைப் பற்றி வந்த அறிக்கையில் 58 சதவீதம். 2018இல் வந்த பெரிய தொகுப்பில் பத்துக்கு மூன்று என்ற அளவு. இடம் பெயர்ந்த ஸ்டென்ட் சிறுகுடலுக்குள் இறங்கிவிட்டால் அதை எடுக்க சில வேளை அறுவையே தேவைப்படும். இதை வெறும் பக்கவிளைவாக ஒதுக்கிவிடுவது தவறு. கருவிக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தமின்மையையே இது காட்டுகிறது. புற்றுநோயில் ஸ்டென்ட்டை இறுகப் பிடித்து நிறுத்துவது அந்த அடைப்புதான். கசிவில் பிடிமானத்துக்கு எதுவும் இல்லை. நேரான, நீளம் குறைந்த உணவுக்குழாய் ஸ்டென்ட்டை வளைந்த ஸ்லீவுக்குள் வைத்தால், அதன் மேல்முனை உணவுக்குழாயில் ஒட்டும், கீழ்முனை ஸ்லீவுக்குள்ளேயே நின்றுவிடும். அப்போது நடுவளைவின் நெருக்கமும் பைலோரஸும் அந்த முனைக்குக் கீழே அப்படியே இருக்கும். ஓட்டை மேலுக்கு மூடப்பட்டிருக்கும். அதை உண்டாக்கிய அழுத்தம் குறைந்திருக்காது. திரவம் ஸ்டென்ட்டின் கீழ்முனையில் தேங்கி, ஸ்டென்ட்டுக்கும் இரைப்பைச் சுவருக்கும் இடையே மேலேறி மறுபடி ஓட்டையைத் தேடிப் போகும்.

கண்மாய்க் கரை உடைத்துக்கொண்டால் மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கியபடிதான் மண்மூட்டை அடுக்குவார்கள். மட்டம் இறங்காத கண்மாயில் அடுக்கிய மூட்டை நிற்காது. கசிவிலும் முதல் கேள்வி மதகு திறந்திருக்கிறதா என்பதே. ஸ்லீவுக்கென்றே பின்னர் தயாரிக்கப்பட்ட நீண்ட ஸ்டென்ட்கள் இந்தக் கேள்விக்கான விடையாகவே வந்தன. தென் கொரியாவில் தயாராகும் ‘மெகா’ வகை ஸ்டென்ட் 18 அல்லது 23 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உணவுக்குழாயில் தொடங்கி, ஸ்லீவ் முழுவதையும் கடந்து, பைலோரஸையும் தாண்டிச் சிறுகுடலின் முதல் பகுதியில் முடிகிறது. ஓட்டையை மூடுவதோடு நடுவளைவை நிமிர்த்தி, பைலோரஸையும் திறந்தே வைத்திருக்கிறது. ஸ்லீவ் தற்காலிகமாகத் தன் அழுத்தத்தை இழக்கிறது. ஓட்டையை மூடுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், மேல்மூலையில் உள்ள ஓர் ஓட்டைக்காக இவ்வளவு நீளமான குழாயைச் சிறுகுடல்வரை இறக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

அழுத்தம் இறங்கினால் மட்டும் போதாது. இரைப்பைக்கு வெளியே, இடப்பக்க உதரவிதானத்துக்கும் மண்ணீரலுக்கும் அருகே ஏற்கெனவே தேங்கிவிட்ட அழுக்கும் சீழும் வெளியேற வழி வேண்டும். ஸ்டென்ட் ஓட்டையைச் சரியாக மூடினால் அந்தக் குழிக்கு இரைப்பைப் பக்கமாக இருந்த ஒரே வடிகாலும் அடைபடுகிறது. வெளியிலிருந்து, சி.டி. ஸ்கேன் வழிகாட்ட ஊசி மூலமோ லேப்ராஸ்கோபி மூலமோ, ஒரு வடிகுழாய் வைக்கப்படாவிட்டால் மூடப்பட்ட சீழ் உள்ளேயே வளரும். நாளடைவில் உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரலின் மூச்சுக்கிளைக்குள் வழி ஏற்படுத்திக்கொண்ட நோயாளிகளும் உண்டு. ஆகவே ஸ்டென்ட்டின் வெற்றி விகிதமாக நாம் படிக்கும் எண்கள் உண்மையில் ஸ்டென்ட், வடிகுழாய், நோய்நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, குடல்வழி ஊட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து பெற்ற வெற்றி. அதில் ஸ்டென்ட்டுக்கு எத்தனை பங்கு என்று தனித்துப் பிரித்துச் சொல்லும் வகையில் அந்த ஆய்வுகள் வடிவமைக்கப்படவில்லை. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த சிறு தொகுதிகள்.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று, ஸ்டென்ட் என்ற அதே பெயரில் வரும் நேர் எதிரான கருவி ஒன்றிலிருந்து கிடைக்கிறது. இரு முனையிலும் பன்றிவால் போலச் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. பித்தநாள அடைப்புக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் நெடுங்காலமாகப் பயன்படுவது. பாரிஸில் மருத்துவர் டொனாட்டெல்லியும் அவருடைய குழுவினரும் 2013 முதல் இதைக் கசிவுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு முனையை ஓட்டை வழியாகச் சீழ்க்குழிக்குள்ளும் மறுமுனையை இரைப்பைக்குள்ளும் இருக்குமாறு வைப்பார்கள். அதாவது ஓட்டையை மூடுவதில்லை, திறந்தே வைக்கிறார்கள். சீழ் இரைப்பைக்குள் வடிகிறது, குழி சுருங்குகிறது, அந்நியப் பொருளைச் சுற்றிப் புதுத்திசு வளர்கிறது, கடைசியில் ஓட்டை தானே மூடிக்கொள்கிறது. அவர்கள் 2015இல் வெளியிட்ட 67 நோயாளிகளின் தொகுதியில் முழுமையாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 78 சதவீதத்தினர் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவான சராசரிக் காலத்தில் குணமடைந்தார்கள். ஓட்டையை மூடுவதே குணத்துக்கு வழி என்றால், அதை வேண்டுமென்றே திறந்துவைக்கும் முறை படுதோல்வி அடைந்திருக்க வேண்டும். அது அடையவில்லை. உறிஞ்சும் பஞ்சை ஓட்டை வழியே குழிக்குள் வைத்துத் தொடர்ந்து இழுக்கும் வெற்றிட முறையும், குழிக்கும் இரைப்பைக்கும் நடுவிலுள்ள சுவரையே வெட்டித் திறந்து இரண்டையும் ஒன்றாக்கும் பிரேசில் மருத்துவர்களின் முறையும் இதே தர்க்கத்தில் அமைந்தவை. இந்த வெட்டும் முறையோடு, ஒடுங்கிய நடுவளைவை 30 மில்லிமீட்டர் பலூனால் விரிப்பதையும் பிரேசிலில் சேர்த்தே செய்கிறார்கள். வடிகாலும் அழுத்தமும் ஒரே அமர்வில் கவனிக்கப்படுகின்றன.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் மூன்று கனமானவை. முதலாவது, 2018 தொகுப்பில் ஸ்டென்ட் வைத்து ஆறிய கசிவுகளின் விகிதம் ஸ்லீவில் 73 சதவீதத்தை ஒட்டியும், பைபாஸ் எனப்படும் மாற்று அறுவையில் 76 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. பைபாஸில் சிறு இரைப்பைப் பை நேராகச் சிறுகுடலுக்குள் திறக்கிறது. நடுவில் பைலோரஸ் இல்லை, அழுத்தம் குறைவு. அழுத்தம்தான் எல்லாம் என்றால் பைபாஸில் வெற்றி வெகுவாக உயர்ந்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆனால் பைபாஸ் கசிவுகளில் பல, வெளி வடிகாலும் ஓய்வும் கிடைத்தாலே ஆறிவிடும். ஸ்டென்ட்வரை போவது அப்படி ஆறாமல் மிஞ்சியவை. ஸ்லீவிலோ ஸ்டென்ட் முதல் வரிசையிலேயே வந்துவிடுகிறது. இரு கூட்டங்களும் ஒரே தரத்து நோயாளிகளைக் கொண்டவை அல்ல என்பதால் இரு விகிதங்களையும் அருகருகே வைத்து அழுத்தத்தின் பங்கை மறுத்துவிட முடியாது. அதே காரணத்தால், இந்த எண்களைக் கொண்டு என் வாதத்தை நிறுவவும் முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நோயாளியின் பக்கத்திலிருந்து வருகிறது: உலோக ஸ்டென்ட் வைத்தால் சில நாட்களில் வாய்வழியாகத் திரவம் அருந்தலாம், பிளாஸ்டிக் குழாய் முறையில் முதல் வாரங்களில் மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குச் செல்லும் குழாயில்தான் ஊட்டம். இது அற்பமானதல்ல. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பவருக்கு இரண்டு வாரம் என்பது மிக நீளமானது. 2008 அமெரிக்க அறிக்கையில் பெரும்பாலானோர் ஸ்டென்ட் வைத்த பின் வாயால் உண்ணத் தொடங்கினார்கள் என்பது அந்தக் கருவியின் உண்மையான சாதனை. ஆனால் அதற்கு விலையும் உண்டு: நீண்ட ஸ்டென்ட் வைத்தவர்களிடம் குமட்டல், வாந்தி, நெஞ்சுவலி, அமிலம் மேலேறுதல் மிகுதி, தாங்க முடியாமல் குறித்த நாளுக்கு முன்பே எடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பகுதி உறையிட்ட ஸ்டென்ட் இடம் பெயர்வது குறைவு, ஆனால் திசு அதன் வலைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க, உள்ளே இன்னொரு முழு உறை ஸ்டென்ட்டை வைத்து, வளர்ந்த திசுவை நசுக்கி அழித்து, பின் இரண்டையும் சேர்த்து உருவ வேண்டியிருக்கிறது. அரிதாக, ஸ்டென்ட்டின் விளிம்பு உணவுக்குழாய்ச் சுவரை அரித்துப் பெருந்தமனியைத் தொட்டு உயிர் போனதும் பதிவாகியிருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குமேல் ஸ்டென்ட்டை விட்டுவைக்கத் தயங்குவது இதனால்தான்.

மூன்றாவது மறுப்பு: வடிகாலே முதன்மை என்றால் உலோக ஸ்டென்ட்டை அறவே கைவிட்டுவிடலாமே? முடியாது. பிரான்ஸில் 100 நோயாளிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், உள்வடிகாலை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களிடம் வெற்றி கூடுதலாகவும், மூடும் முறைகளைப் பெற்றவர்களிடம் குறைவாகவும் இருந்தது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் குழாய் பயன்பட, சுவர் கட்டிய ஒரு சீழ்க்குழி உருவாகியிருக்க வேண்டும். அறுவை முடிந்து மூன்றாம் நாள், வயிற்றறை முழுவதும் அழுக்கு பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படியொரு குழியே இருக்காது. அப்போது தேவை லேப்ராஸ்கோபி மூலம் வயிற்றைக் கழுவுவது, வெளி வடிகால், மேலும் வரும் கசிவைத் திசைதிருப்பும் ஒரு குழாய். உலோக ஸ்டென்ட்டுக்கு உரிய இடம் அதுதான். ஸ்லீவ் நிபுணர்களின் சர்வதேசக் குழு 2012இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, கசிவை ஏழு நாளுக்குள் வருவது, ஆறு வாரம்வரை வருவது, அதற்குப் பின் வருவது, பன்னிரண்டு வாரம் தாண்டியும் நீடிப்பது என்று காலத்தால் பிரித்ததன் பயன் இங்கே விளங்குகிறது. ஒரே ஓட்டைக்கு நான்கு காலங்களில் நான்கு தேவைகள். இரைப்பைக் குடல் எண்டோஸ்கோபிக்கான ஐரோப்பிய சங்கத்தின் வழிகாட்டுதல், கசிவுக்குத் தற்காலிக ஸ்டென்ட்டைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ஆனால் இன்ன வகை என்றோ இத்தனை நாள் என்றோ வரையறுக்காமல் நோயாளிக்கு நோயாளி முடிவெடுக்கச் சொல்கிறது.

காலம் என்று வரும்போது மிகப் பெரிய இழப்பு நேர்வது ஸ்டென்ட் தேர்வில் அல்ல, கசிவைக் கண்டுபிடிப்பதில். 2015இல் பிரான்ஸின் பல மையங்களிலிருந்து 110 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் எண்டோஸ்கோபி சிகிச்சை மொத்தம் 74 சதவீதம் வென்றது. வென்றவர்களையும் தோற்றவர்களையும் பிரித்த காரணிகளில் முக்கியமானவை ஓட்டை சிறியதாக இருந்ததும், கசிவு தெரிந்து 21 நாளுக்குள் முதல் எண்டோஸ்கோபி நடந்ததும். எந்தக் கருவி என்பதைவிட எப்போது என்பதே கனமாக நின்றது. பெரும்பாலான கசிவுகள் நோயாளி வீடு திரும்பிய பிறகுதான் தெரிகின்றன. நகரத்து மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு தொலைவிலுள்ள ஊருக்குத் திரும்பும் நம் நாட்டு நோயாளியை ஐந்தாம், ஆறாம் நாள் முதலில் பார்ப்பவர் அநேகமாக அவ்வூர்ப் பொது மருத்துவர். பருத்த உடலில் வயிறு இறுகும் அடையாளம் தெளிவாகத் தெரியாது; காய்ச்சலும் பிந்தி வரலாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி இறங்காமல் நிற்பதும், இடது தோளில் வலி எடுப்பதும்தான் முதல் எச்சரிக்கை. உதரவிதானத்தின் அடியில் எரிச்சல் ஏற்பட்டால் வலி தோளில் தெரியும். அதைத் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட நேர்கிறது. சாய மருந்தை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே பல கசிவுகளைத் தவறவிடும் என்பதால் அது சரியாக இருக்கிறது என்று அமைதி கொள்ளக் கூடாது. சாய மருந்து குடித்தபின் எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும். ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5 முதலே இவ்வகை அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் சர்வதேசச் சங்கங்கள் வழிகாட்டுதலைத் தளர்த்திய பிறகு, இந்த அறுவைக்கு வருவோர் கூடுவார்கள். ஆகவே வீடு திரும்பும்போது கையில் கொடுக்கும் தாளில் உணவுப் பட்டியலுக்கு மேலே, இறங்காத நாடித்துடிப்பு, இடது தோள்வலி என்ற இரு அறிகுறிகளும் நம் மொழியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

எண்டோஸ்கோபியால் எல்லாக் கசிவும் ஆறிவிடாது என்பதையும் நோயாளியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்டென்ட் தோற்றதும் இன்னொன்று, அது நகர்ந்ததும் மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போவது, மூடினால் ஆறும் என்ற பழைய நம்பிக்கையின் தொடர்ச்சிதான். முதல் ஸ்டென்ட் தோற்றால் கேட்க வேண்டியவை, நடுவளைவு ஒடுங்கியிருக்கிறதா, குழி வடிகிறதா, ஊட்டம் போதுமான அளவு சேர்கிறதா என்ற மூன்றும். மூன்றையும் சரிசெய்த பிறகும் பன்னிரண்டு வாரம் தாண்டிக் கசிவு நீடித்தால், சதை கட்டி, கசிவுப் பாதை தோலிட்டு நிலைத்துவிட்டது என்று பொருள். அங்கே எந்த ஸ்டென்ட்டும் உதவாது. அப்போது அறுவை நிபுணரிடமே திரும்ப வேண்டும். ஓட்டையிருக்கும் இடத்திலேயே சிறுகுடலின் ஒரு வளையத்தைக் கொண்டுவந்து இணைப்பது ஒரு வழி: கசிவு அடைக்கப்படுவதில்லை, அழுத்தம் குறைந்த குடலுக்குள் வழி திருப்பப்படுகிறது. ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதும், அரிதாக இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவதும் பிற வழிகள். இவை கடினமான அறுவைகள். நோயாளியின் உடலில் புரதமும் எடையும் ஓரளவு மீண்டு, அழற்சி தணிந்த பிறகு, இதில் பழகிய மையத்தில் செய்யப்பட வேண்டியவை. அந்த நாள்வரை அவரைத் தேற்றிக் கொண்டுவந்து சேர்ப்பதில் முன்பு வைத்த ஸ்டென்ட்டுக்கும் வடிகுழாய்க்கும் பங்கு உண்டு, கசிவை அவை மூடாமலே போயிருந்தாலும்.